தனியாக ரயிலேறுகிறவர்களுக்கு: முன்பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷத்துக்கு ஒருமுறையாவது தோளில் ஒரு பையோடு மதுரையிலிருந்து வடக்கே கிளம்பிவிடுவேன். காசி, ஜான்சி, புவனேஸ்வர் என்று ஊர் மாறும். ஏஜென்ட் கிடையாது, குழு கிடையாது. திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் முதலில் கேட்பது கோயிலையோ கோட்டையையோ பற்றி அல்ல, "டிக்கெட் எப்படிக் கிடைச்சது?" என்றுதான். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஏறும் ஊரை மட்டும் பார்த்தால் போதாது, வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பாதிப் பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

முன்பதிவு எத்தனை நாளைக்கு முன் திறக்கிறது?

60 நாள், பயண நாளைச் சேர்க்காமல். 2024 நவம்பர் 1க்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய குறிப்புகளை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். காலை 8 மணிக்குத் திறக்கும்.

இந்த 60 நாள், வண்டி புறப்படும் ஊரின் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. வண்டி கிளம்பி மூன்றாம் நாள் நீங்கள் ஏறும் ஊருக்கு வருகிறதென்றால், உங்கள் தேதிக்கு 62 நாள் முன்பே அதற்கான முன்பதிவு திறந்திருக்கும். சரியாக 60ஆம் நாள் காலையில் கணினி முன் உட்காருகிறவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டும். "திறந்த நிமிஷமே தீர்ந்துபோச்சு" என்று பலர் வருந்துகிறார்கள். அவர்களில் சிலருக்கு டிக்கெட் தீர்ந்தது அந்த நிமிஷத்தில் அல்ல, இரண்டு நாளுக்கு முன்பு.

ஐஆர்சிடிசி (ரயில்வேயின் இணைய டிக்கெட் தளம்) கணக்கு மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. ஆதார் எண்ணைக் கணக்கோடு சரிபார்த்து வையுங்கள். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் (முந்தைய நாள் திறக்கும் அவசர முன்பதிவு) எடுக்க அது கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்திலும் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே வழி விடுகிறார்கள். ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் விரித்து எழுதியிருக்கிறதா என்பது போன்ற வேறுபாட்டில்தான் நம்மூர்ப் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன. இதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். தட்கல் அன்று காலை செய்கிற வேலை இல்லை இது.

இரவு 11.45க்கு மேல் சுமார் அரை மணி நேரம் தளம் வேலை செய்யாது. தினமும் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை.

எல்லா ஊருக்கும் 60 நாள் முன்பே திட்டமிடச் சொல்கிறீர்களா? பிறகு என்ன சுதந்திரப் பயணம்?

இல்லை. நீளமான இரண்டு பயணங்களை மட்டும் முன்பே உறுதி செய்துவிடுங்கள்: வீட்டிலிருந்து போகிற முதல் வண்டி, வீடு திரும்புகிற கடைசி வண்டி. நடுவில் ஜான்சியிலிருந்து குவாலியர், காசியிலிருந்து பிரயாக்ராஜ் போன்ற இரண்டு மூன்று மணி நேரப் பயணங்களுக்குப் பகல் வண்டியோ பேருந்தோ அன்றன்றைக்குக் கிடைக்கும். நடுப்பகுதியை உங்கள் விருப்பத்துக்கு நீட்டலாம், சுருக்கலாம்.

தனியாகப் போகிறவருக்கு ஒரு பெரிய அனுகூலமும் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து தேடும்போது இல்லாத இடம் ஒருவருக்கு இருக்கும். கடைசியாக மிஞ்சும் அந்த ஒற்றைப் பெர்த் உங்களுக்குத்தான் உதவும்.

தேதியை மட்டும் கவனித்து வையுங்கள். தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் சட் பூஜை. அதற்கு முந்தைய பத்து நாளில் தில்லி, மும்பை, சென்னை என எங்கிருந்தும் அந்தப் பக்கம் போகும் வண்டிகளில் இடம் கிடைப்பது மிகக் கடினம். பூஜை முடிந்ததும் நெரிசல் அப்படியே திசை திரும்பும். ஹோலிக்கும் இதே கதைதான். அந்த நாட்களில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணத்தை அமைத்தால் இடம் கிடைக்கும்.

வெயிட்டிங் லிஸ்ட் 12 என்கிறது. எடுக்கலாமா?

எண்ணைவிட அதற்கு முன்னால் உள்ள எழுத்துகள் முக்கியம். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொது வெயிட்டிங் லிஸ்ட். வண்டி புறப்படும் ஊரிலிருந்தோ அதை ஒட்டிய நிலையங்களிலிருந்தோ நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. அதிக பெர்த்துகள் இந்தக் கணக்கில்தான் இருப்பதால் ரத்தாகும் டிக்கெட்டுகளும் அதிகம், நகர்வும் வேகம். ஆர்எல்டபிள்யூஎல் வழியில் உள்ள பெரிய ஊர்களுக்கானது. பிக்யூடபிள்யூஎல் வழியில் உள்ள பல சிறு நிலையங்கள் பங்கிட்டுக்கொள்ளும் சிறு ஒதுக்கீடு. இந்த இரண்டிலும் 12 என்பது பெரிய எண். டிக்யூடபிள்யூஎல் தட்கலுக்கு, நான் அதை எடுப்பதில்லை.

இரண்டு எண்கள் சேர்ந்து வந்தால், உதாரணமாக 45, பக்கத்தில் 12 என்று இருந்தால், முதல் எண் டிக்கெட் எடுத்தபோது இருந்த இடம், இரண்டாவது இன்றைய இடம். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

ஒரே வண்டி, ஒரே நாள், ஏறும் ஊர் மட்டும் வேறு என்றால் எழுத்துகளும் மாறும். அதனால்தான் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிளம்பும் வண்டி இருந்தால், புகழ்பெற்ற வண்டியை விட்டுவிட்டு அதைப் பிடியுங்கள்.

நடு வழியில்தான் ஏற முடியும். வேறு வழி உண்டா?

உண்டு, விதிக்கு உட்பட்டதே. நீங்கள் ஏறும் ஊரிலிருந்து இடம் இல்லை, ஆனால் வண்டி புறப்படும் ஊரிலிருந்து இருக்கிறது என்றால், அங்கிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறுமிடத்தை உங்கள் ஊராகக் குறிப்பிடலாம். கட்டணம் முழுத் தூரத்துக்கும் ஆகும். ஆனால் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால் பயப்படும் அளவுக்கு ஏறாது.

ஏறுமிடம் குறிப்பிடுவதை மறந்தால் எல்லாம் வீண். புறப்படும் ஊரில் நீங்கள் ஏறாததைப் பார்த்துப் பரிசோதகர் அந்தப் பெர்த்தை ஆர்ஏசி (உட்கார இடம் மட்டும் உறுதியான) பயணிக்குக் கொடுத்துவிடுவார். அது அவர் கடமை. மாற்றிய பிறகு பழைய ஊரில் ஏறவும் கூடாது.

ஆர்ஏசி என்றால் நின்றுகொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். உட்கார இடம் உறுதி. சைடு லோயர் பெர்த்தை இரண்டாக மடக்கினால் எதிரெதிர் இருக்கைகள். ஒன்று உங்களுக்கு, மற்றொன்று முன்பின் தெரியாத ஒருவருக்கு. யாராவது வராமல் போனால் முழுப் பெர்த் கிடைக்கும்.

ஒருமுறை நாக்பூரிலிருந்து திரும்பும்போது என் எதிரில் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும். ஒரு பித்தளைச் செம்பும் துணி மூட்டையும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி கொஞ்சம். இரவு பத்து மணி ஆனதும் பெர்த்தை விரித்துவிட்டு, அவர் தலையை ஜன்னல் பக்கம் ஒரு மூலையில் வைத்து, நான் எதிர் மூலையில் வைத்து, ஒருவர் காலை மற்றவர் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டோம். விடியும்போது அவருடைய கம்பளி என் காலையும் மூடியிருந்தது. வார்தா தாண்டி எப்போதோ போர்த்தியிருக்கிறார். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு ஆர்ஏசி வந்தால் ரத்து செய்யாமல் போய்விடுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். இரண்டு ராத்திரி என்றால் யோசியுங்கள்.

கன்ஃபார்ம் ஆகாத டிக்கெட்டோடு ஏறிக்கொள்ளலாமா?

கூடாது. இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல்) தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். உங்கள் கையில் டிக்கெட்டே இல்லை என்று பொருள். கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் இருந்தால் பொதுப்பெட்டியில் போகலாம். ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் உண்டு.

சார்ட் முன்பெல்லாம் கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்னால்தான் வரும். 2025இலிருந்து குறைந்தது 8 மணி நேரம் முன்பே வருகிறது. மதியம் 2 மணிக்குள் கிளம்பும் வண்டிகளுக்கு முந்தைய நாளே. கிடைக்கவில்லை என்றால் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. வெளியூரில் தனியாக இருப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

தட்கலில் எனக்குக் கிடைத்ததே இல்லை. எப்படித்தான் எடுப்பது?

ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி, முந்தைய நாள். இந்த "முந்தைய நாள்" என்பதும் வண்டி புறப்படும் ஊரின் கணக்கே. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது 10ஆம் தேதி கிளம்பி நீங்கள் ஏறும் ஊருக்கு 12ஆம் தேதி வருகிறதென்றால் தட்கல் திறப்பது 9ஆம் தேதி. 11ஆம் தேதி காலை தேடினால் எப்படிக் கிடைக்கும்? நெடுந்தூர வண்டியில் நடுவழியில் ஏறுகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கஷ்டம் தீரும். சொல்லப்போனால், உள்ளூர்க்காரர்களே கவனிக்காத நாளில் உங்களுக்குப் போட்டி குறைவு.

மற்றபடி, பயணி விவரத்தை முன்கூட்டியே தளத்தில் சேமித்து வையுங்கள். சில நிமிடம் முன்பே உள்நுழைந்து தயாராக இருங்கள். தொலைபேசிக்கு ஓடிபி வரும், சிக்னல் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். பணத்துக்கு யுபிஐ அல்லது ஐஆர்சிடிசி வாலட். முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை என்பதால் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று கூடுதல் பணம் கேட்பவரிடம் போக அவசியமே இல்லை.

ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 300 முதல் 400 ரூபாய் கூடுதல். கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. பிரீமியம் தட்கல் வேறு. அதில் இடம் குறையக் குறையக் கட்டணம் ஏறும். அவசரம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை.

முதலில் முன்பதிவு வரலாற்றைத் திறந்து பாருங்கள். சில நேரம் டிக்கெட் வந்திருக்கும், பக்கம்தான் நின்றுபோயிருக்கும். பதற்றத்தில் மறுபடி எடுத்து, ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் வைத்திருந்தவர்களைத் தெரியும். டிக்கெட் உருவாகவில்லை என்றால் பணம் தானாகத் திரும்பும்.

தேதியில் என்ன குழப்பம் வரப்போகிறது?

வரும். எனக்கே வந்தது. நள்ளிரவு தாண்டி 12.20க்கு வண்டி. டிக்கெட்டில் 00:20, தேதி 15. நான் 15ஆம் தேதி பகல் முழுக்க ஊரைச் சுற்றிவிட்டு, இரவு பதினொன்றரைக்குப் பையோடு நிலையத்துக்குப் போனேன். நடைமேடையில் டீ விற்றவரிடம் வண்டி எண்ணைக் காட்டினேன். அவர் டிக்கெட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தேதியின் மேல் விரலை வைத்து, "நேத்து ராத்திரி போச்சு" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். 15ஆம் தேதி 00:20 என்றால் 14ஆம் தேதி இரவு சாப்பாடு முடிந்ததும் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நள்ளிரவு 12 முதல் 4 மணி வரை உள்ள எந்த வண்டிக்கும், டிக்கெட் எடுத்த கையோடு நாள்காட்டியில் முந்தைய நாளின் கட்டத்தில் "இன்று ராத்திரி" என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

ஒரே ஊருக்கு ஏன் இத்தனை நிலையங்கள்?

தில்லிக்கு மட்டும் புது தில்லி, பழைய தில்லி, ஹஜ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லிக்குப் போகும். கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனோடு நின்றுவிடும். அடுத்த வண்டி எந்த நிலையத்திலிருந்து என்று பார்க்காமல் இரண்டு மணி நேர இடைவெளி வைத்தால் ஊருக்குள் ஓட வேண்டியிருக்கும்.

காசிக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாராணசி சந்திப்பு ஒன்று. பனாரஸ் நிலையம் வேறு. கன்னியாகுமரியிலிருந்து வரும் காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் அங்கேதான் முடிகிறது. முகல்சராய் என்று நம் பெரியவர்கள் சொல்லும் நிலையம் 2018 முதல் பண்டித் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு. அது கங்கைக்கு மறுகரையில். காசிக்கு இடமில்லை என்றால் இந்தச் சந்திப்பையும் தேடிப் பாருங்கள், அங்கிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம்.

நேர் வண்டியில் இடமே இல்லை. மாறிப் போகலாமா?

தாராளமாக. சென்னை–தில்லி பாதையும் மும்பை–பிரயாக்ராஜ் பாதையும் சந்திக்கும் இடம் இட்டார்சி. தில்லி வண்டியில் அதுவரை வந்து, ஜபல்பூர் வழியே காசிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறலாம். நாக்பூரும் விஜயவாடாவும் இப்படி மாறுவதற்கு ஏற்றவை.

இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் (முன்பதிவு எண்) தளத்தில் இணைக்க முடியும். பெயர், வயது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் பொருந்த வேண்டும். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைக் கேட்கலாம்; வந்திறங்கியதுமே மனு போடுங்கள். ஆனாலும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள், பனிமூட்டமுள்ள டிசம்பர், ஜனவரியில் அதைவிடக் கூடுதலாக. நடுவில் குளித்துப் படுக்க நிலைய ஓய்வறையை உங்கள் பிஎன்ஆரைக் கொண்டே பதிவு செய்யலாம்.

எந்தப் பெர்த் கேட்பது?

எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதி வராவிட்டால் சைடு அப்பர். 43 வந்தால் மீதி 3, அப்பர். ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் இது பொருந்தும்.

என் விருப்பம் அப்பர். பகலிலும் படுக்கலாம், யாரும் வந்து உட்கார மாட்டார்கள், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் தேடுங்கள்: 60 வயது தாண்டிய ஆண்கள், 45 வயது தாண்டிய பெண்கள் தனியாகவோ இருவராகவோ போகும்போது அது கிடைக்கும். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, இன்னும் திரும்பவில்லை. தனியாகப் பயணம் செய்யும் எத்தனையோ முதியவர்களுக்கு அது எவ்வளவு உதவியாக இருந்தது என்று நேரில் பார்த்தவன் நான். அது திரும்ப வர வேண்டும்.

என் மகள் தனியாகப் போகிறாள். எதைக் கவனிக்க வேண்டும்?

பொது ஒதுக்கீட்டில் இடம் இல்லாதபோது லேடீஸ் ஒதுக்கீட்டையும் தேடச் சொல்லுங்கள்; பல நெடுந்தூர வண்டிகளில் ஸ்லீப்பரில் சில பெர்த்துகள் பெண்களுக்கென்றே இருக்கின்றன. ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள், 'மேரி சஹேலி' என்ற திட்டத்தில், வண்டி கிளம்பும் நிலையத்தில் தனியாக வரும் பெண்களிடம் பெர்த் எண்ணைக் குறித்துக்கொண்டு வழியெல்லாம் விசாரிக்க ஏற்பாடு செய்வார்கள். எந்தச் சிக்கலுக்கும் எண் 139. விடியற்காலை 2, 3 மணிக்குத் தெரியாத ஊரில் இறங்கும் வண்டியைத் தவிர்த்து, வெளிச்சம் வந்த பிறகு சேரும் வண்டியாகப் பாருங்கள். இதற்காக அரை நாள் வீணானாலும் பரவாயில்லை.

வண்டி ஏழு மணி நேரம் தாமதம். பணம் கிடைக்குமா?

மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும், தட்கலாக இருந்தாலும். வண்டி உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தளத்தில் 'ஃபைல் டிடிஆர்' என்ற இடத்தில் மனு போட்டுவிட வேண்டும். சாதாரணமாக டிக்கெட்டை ரத்து செய்தால் பிடித்தம் போகும். தாமதத்துக்கு அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறோம். எங்களுக்கு?

வெளிநாட்டு எண்ணில் ஐஆர்சிடிசி கணக்கு தொடங்கலாம், சிறு பதிவுக் கட்டணம் உண்டு. ஆதார் இல்லாததால் இணையத் தட்கல் உங்களுக்கு எட்டாது. அதற்கு ஈடாக வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான தனி ஒதுக்கீடு சில வண்டிகளில் இருக்கிறது. அதில் 365 நாள் முன்பே எடுக்கலாம். புது தில்லி நிலையத்தின் முதல் மாடியில் இதற்கென்றே அலுவலகம் உள்ளது. வாசலில் நின்று "அது மூடிவிட்டது, என்னோடு வாங்க" என்று சொல்பவர்களை நம்பாமல் மாடிப்படி ஏறிவிடுங்கள். கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும்.

எதுவுமே கிடைக்கவில்லை. இன்று இரவே போயாக வேண்டும்.

சார்ட் வந்ததும் மறுபடி தேடுங்கள். கடைசி நேரத்தில் ரத்தானவை அப்போது காலியாகக் காட்டும், வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்வரை எடுக்கலாம். ஒற்றைப் பெர்த் மிஞ்சுவது இந்த நேரத்தில்தான்.

அதுவும் இல்லையென்றால் பொதுப்பெட்டி. ரயில்ஒன் செயலியிலோ கவுன்ட்டரிலோ டிக்கெட் எடுங்கள். வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏற முடிந்தால் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்; நடைமேடையில் வரிசை இருக்கும், காவலர் ஒவ்வொருவராக ஏற்றுவார். தண்ணீர் இரண்டு பாட்டில், பொட்டலம் பிரிக்காமல் சாப்பிடக்கூடிய வாழைப்பழம், மடியில் அடங்கும் சிறிய பை. உள்ளே இடம் பிடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊரில் இறங்குகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழும்போது கால் நீட்ட இடம் கிடைக்கும்.